இரைச்சலும் மூன்றாவது பின்னும்

பாடல் முடிந்த பின்னும் ஒலிபெருக்கியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் நீடிப்பதை வீட்டில் இசை கேட்பவர்கள் அறிவார்கள். அதை நிறுத்த நம்மிடையே வழங்கும் கைவைத்தியம், மூன்று பின் கொண்ட பிளக்கிலிருந்து பெரிய பின்னை நீக்கிவிடுவது. இரைச்சல் பல நேரங்களில் நின்றுவிடும். உயிருக்கான காப்பும் அத்துடன் போய்விடும்.

நமது மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஒலியைக் கொண்டுவரும் கம்பிக்குள் அந்த அலைவு நுழைந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளிருக்கும் மின்தேக்கி பழுதுபட்டிருந்தால், சற்றே உயர்ந்த சுருதியில், 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய கருவி எதுவும் தேவையில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒலிக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். அப்போதும் இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. அதை நாமே திறந்து பார்ப்பது ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இரைச்சல் நின்றால், கம்பிகளை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். எதை இணைக்கும்போது இரைச்சல் திரும்புகிறதோ, அந்த வழியாகத்தான் அது வருகிறது.

பெரும்பாலும் அகப்படுவது தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி கம்பி அல்லது மடிக்கணினியின் சார்ஜர். இரு சாதனங்கள் இரு வேறு இடங்களில் 'எர்த்' ஆகியிருந்தால், அவ்விடங்களுக்கிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அதனால் எழும் மின்னோட்டம் ஒலிக் கம்பியின் உறை வழியே பாய்வதே இரைச்சலுக்குக் காரணம். எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இணைப்புப் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், ஒலிக் கம்பியின் நடுவே ஒரு சிறு தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்தலாம். தொலைக்காட்சியிலிருந்து வரும் ஒலிக்கு ஆப்டிகல் கேபிளே போதும். ஒளியில் மின்சாரம் ஏறிவராது.

மூன்றாவது பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது அலங்காரத்துக்காக அன்று. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விலக வேண்டும். மின்கம்பி எப்போதாவது உலோக உடலில் பட்டுவிட்டால், மின்னோட்டத்தை நிலத்துக்குக் கடத்தி ஃப்யூஸ் உருகவோ எம்.சி.பி. விழவோ செய்வது அந்தப் பின்தான். அது இல்லாத பெட்டி, 230 வோல்ட்டைச் சுமந்தபடி யாராவது தொடும்வரை காத்திருக்கும். ஒருவர் தேடிக்கொண்ட வசதிக்கு வேறொருவர் விலை கொடுப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். இங்கே விலை கொடுப்பது பெரும்பாலும் குழந்தையாகவோ வீட்டு வேலைக்கு வருபவராகவோ இருக்கக்கூடும்.

இரண்டு பின்னோடு மட்டுமே விற்கப்படும் சாதனங்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி பொறித்தவை இரட்டைக் காப்பிடப்பட்டவை. ஆனால், பல பழைய வீடுகளில் சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஏற்கெனவே பின்னை நீக்கியவர்கள் பிளக்கை மாற்றும்போதே, மின்பணியாளரை அழைத்து அந்தத் துளையில் எர்த் வருகிறதா என்பதையும் சோதித்துவிடலாம். அப்படியே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லலாம்.