இரண்டாவது துப்பாக்கி

தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி ஏந்துவோர், அஃது உதவாத சமயத்தில் பிரயோகிப்பதற்காக மற்றொரு சிறிய துப்பாக்கியையும் மறைவாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க தேசத்தில் நெடுங்காலமாக உண்டு. பிலடெல்பியா நகரத்தில் ஹென்றி டெரிஞ்சர் என்பவர் செய்து பிரசித்தி பெற்ற, சட்டைப் பையில் அடங்கிவிடும் கைத்துப்பாக்கியானது, ஒரு தடவை சுட்டபின், குழாயின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் மீண்டும் இட்டுக் கெட்டித்தாலன்றி உபயோகப்படாதாகையால், பெரும்பாலும் ஜோடியாகவே விற்கப்பட்டது. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நாடகசாலையில் ஜனாதிபதி லிங்கனைச் சுட்ட பாதகன் பூத்தின் கையில் இருந்ததும் இவ்வகைத் துப்பாக்கியே. ஒற்றைக் குண்டு தீர்ந்ததும், தன்னைப் பிடிக்க வந்த மேஜர் ராத்போனை அவன் கத்தியால் தாக்கினான். ஆத்ம ரட்சணைக்கென்று ஜனங்கள் வாங்கிய ஒரு பொருள் அத்தகைய உத்தமரின் உயிரைக் கவர்ந்ததை நினைக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

1866-இல் ரெமிங்டன் கம்பெனியார், ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழாய்கள் அமைந்த சிறு துப்பாக்கியை வெளியிட்டு, 1935 வரையில் அதனைச் செய்துவந்தனர்.

பிற்காலத்தில், ஆறு தோட்டாக்கள் கொள்ளும் ரிவால்வரை இடுப்பில் தரித்த நியூயார்க் போலீஸாரிலும் பலர், கணுக்காலிலோ கோட்டுப் பையிலோ இன்னொன்றை வைத்திருந்தனர். ஏனெனில், வெடித்த தோட்டாக்களை உதறிவிட்டுப் புதியவற்றை அறைகளில் இடுவதைக் காட்டிலும் இரண்டாவதை உருவுதல் விரைவில் முடியும் என்பதோடு, முதலாவதை எதிரி பறித்துக்கொண்டாலும், வலக்கை காயமுற்றாலும், இடக்கைக்கு எட்டும் இடத்தில் அஃது இருக்கும்.