பொம்மைக் கூட்டம் அழைத்து வந்த பறவைகள்

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து லாங் பீச்சுக்கு இழுத்துச் செல்லப்பட்ட 'அபெக்ஸ் ஹூஸ்டன்' என்ற எண்ணெய்ப் படகு, சரியாக மூடாத ஒரு வாய் வழியே கச்சா எண்ணெயைச் சிந்திக்கொண்டே போனது. கலிஃபோர்னியக் கரையில் ஏறத்தாழ 9,000 கடற்பறவைகள் மாண்டதாக மதிப்பிட்டார்கள். அவற்றில் 6,000க்கு மேல் 'காமன் மர்' என்ற ஒரே இனம்.

இறகில் எண்ணெய் ஒட்டினால் குளிர்ந்த நீர் நேரே தோலைத் தொடும், பறவை விறைத்துப்போகும். அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் இறங்கும். இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு வியப்பளிப்பது அதற்குப் பிறகு நடந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே 'டெவில்ஸ் ஸ்லைட் ராக்' என்றொரு பாறை கடலில் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் அதில் 3,000 மர்கள் வரை இருந்தன. மீன்வலைகளில் சிக்கி ஏற்கெனவே குறைந்துவந்த கூட்டத்தை எண்ணெய் முடித்துவைத்தது. கடல் தெளிந்தது, மீன் இருந்தது, பாறையும் அப்படியே இருந்தது. ஆனால் பத்தாண்டு காலம் அங்கே ஒரு முட்டைகூட இடப்படவில்லை.

மர் கூடு கட்டாது. வெறும் பாறையில், பேரிக்காய் வடிவில், ஒரே ஒரு முட்டை இடும். கடற்காக்கைகள் அதைக் கொத்திப் போகாமல் காப்பது கூட்டம்தான்: தோளோடு தோள் உரச நின்று, நெருங்குவதைக் கூரிய அலகால் குத்தி விரட்டும். தனி ஜோடிக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் இடம் தேடி வரும் இளம் பறவை காலிப் பாறையைக் கண்டால் இறங்குவதில்லை. ஈ ஓட்டும் ஓட்டலுக்குள் நுழைய நாம் தயங்குவதில்லையா?

அப்படியானால் கூட்டம் இருப்பதுபோல் காட்டினால் என்ன? பறவையியலாளர் ஸ்டீவன் கிரெஸ் இதை முன்பே செய்திருந்தார். மெய்ன் மாநிலத் தீவொன்றில் 1977இல் பொம்மைகளை நட்டு, வேட்டையால் அழிந்திருந்த 'பஃபின்' என்ற கடற்பறவைகளை 1981இல் மீண்டும் இனப்பெருக்கம் செய்யவைத்தார். அதே வித்தை 1996இல் இந்தப் பாறைக்கு வந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட மர் பொம்மைகள். நிற்பவை, அடைகாப்பவை, முட்டை, குஞ்சுகூட. கூட்டத்தைப் பெருக்கிக் காட்டக் கண்ணாடிகள். மர் கூட்டத்தின் இரைச்சலை ஓயாமல் ஒலிக்கும் ஒலிபெருக்கி. பொம்மைகளுக்கு வண்ணம் பூச உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் கைகொடுத்தார்கள். மறுநாளே ஒரு நிஜப் பறவை வந்து இறங்கியது. அந்தப் பருவத்திலேயே ஆறு ஜோடிகள் முட்டையிட்டன.

பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 190 ஜோடிகள் சேர்ந்தபின், பொம்மைகளின் வேலை முடிந்தது, அவற்றை அகற்றிவிட்டார்கள்.

ஆனால் ஆறு ஜோடிகள் பெற்ற குஞ்சுகளே பத்தாண்டில் 190 ஜோடியாகிவிட்டன என்றால் கணக்கு உதைக்கிறது. ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரு முட்டை. பிறந்த குஞ்சு தானே முட்டையிட நாலைந்து ஆண்டாவது ஆகும். வந்தவற்றில் பெரும்பகுதி வேறு பாறைகளில் பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும். அருகில் ஃபாரலான் தீவுகளில் மர்களின் பெருங்கூட்டம் எஞ்சியிருந்தது. அதுவும் அழிந்திருந்தால், ஒலிபெருக்கி வெறும் கடலைப் பார்த்துத்தான் கத்தியிருக்கும்.