உறுத்தாத கண்வில்லை

கண்ணாடி போட்டால் கலியாணம் தட்டிப்போகும் என்று கொன்டக்ட் லென்ஸ் தேடும் பிள்ளைகளை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காண்கிறேன். அந்தக் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. வில்லை வேண்டுமென்றால் போடட்டும்.

ஆனால், விறகுப் புகையும் பங்கர் மண்ணும் பட்ட கண்கள் எங்களுடையவை. செல் துண்டு கீறிய தழும்பும் சிலருக்குண்டு. அவர்களுக்கு மென்வில்லையைவிடக் கடினவில்லையே சிலவேளை தெளிவு தரும். ஆகவே கடைக்கு முன் கண் வைத்தியரைக் காணுங்கள். லிப்டன் சுற்றுவட்டத்தருகே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.

எனக்குக் கண் வறட்சி. காலையில் போட்டு இரவில் எறியும் வில்லையைத்தான் தெரிந்தெடுத்தேன். மாதவில்லைக்குக் கழுவும் திரவம் வேண்டும். அதிலுள்ள மருந்தே சில கண்களுக்கு எரிவு. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வில்லையில் படவே கூடாது, அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறிக்கும். வில்லையுடன் தூங்காதீர்கள். மிளகாய் வறுக்கையில் கண்ணாடியே போதும்.