நோர்வேயின் மீன்பிடி அறிவும் மயிலிட்டித் துறையும்

அண்மை ஆண்டுகளில் மயிலிட்டித் துறைமுகத்திற்குச் சென்றவர்கள் அங்கே இருவகைப் படகுகளைக் கண்டிருப்பர். ஒருவகை, இவ்வூராரும் அயலூராரும் தொழிலுக்குச் செலுத்தும் சிறிய கண்ணாடிநார்ப் படகுகள். மற்றையவை, எல்லை தாண்டி மீன்பிடித்தமைக்காகக் கடற்படையினரால் கைப்பற்றப்பட்டுக் கரையோரமாகக் கட்டப்பட்ட இந்திய இழுவைப் படகுகள். முன்னையவை வயிற்றுப் பிழைப்புக்கானவை. பின்னையவை அப்பிழைப்புக்கு இடையூறானவை. ஆயினும் இவ்விருவகைப் படகுகளின் வரலாற்றையும் பின்னோக்கி ஆராய்வோர்க்கு ஒரே நாட்டின் பெயர் எதிர்ப்படும். அந்நாடு நோர்வே.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நோர்வே தன் மீன்பிடி அறிவைப் பிற நாடுகளுக்கு வழங்க முன்வந்தது. ஐக்கிய நாடுகள் சபையும் இந்தியாவும் நோர்வேயும் 1952ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி கேரளத்துக் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய ஊர்களில் 1953இல் பணி தொடங்கியது. இயந்திரப் படகுகளோடு பனிக்கட்டி ஆலை, சுகாதார நிலையம், குழாய்நீர் ஆகியனவும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. ஏழைக் கடற்றொழிலாளரின் வருவாயை உயர்த்துவதும், உள்ளூர் மக்களுக்கு நல்ல மீனைக் கிடைக்கச் செய்வதுமே நோக்கமாகும்.

நடந்தது வேறு. அந்நிய நாடுகளில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தமையால், கடலடியை அரித்துச் செல்லும் இழுவைமடி வேகமாகப் பரவிற்று. முதல் உடையவர்கள் படகுகளை வாங்கினர், கட்டுமரக்காரர் பின்தங்கினர். இருசாராருக்கும் இடையே கலகம் மூண்டது. ஈற்றில் மழைக்காலத்தில் இழுவைமடித் தொழிலைத் தடுக்கும் விதியைக் கேரள அரசு 1988இல் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதனிடையே 1960களில் அத்திட்டம் பாக்கு நீரிணையை ஒட்டிய மண்டபம்வரை நீண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப் படகுகள் பெருகியமைக்கு இந்திய அரசுகளின் ஊக்குவிப்பும் காரணமாகும். பழி முழுவதையும் நோர்வேயின்மேற் சுமத்துதல் நியாயமன்று. எனினும் மயிலிட்டியிற் கட்டப்பட்ட படகுகளின் வழித்தடம் அவ்வழியே வந்ததுதான்.

இனி, மற்றைப் படகின் கதை. யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் என்பவர் 1956இல் நோர்வேக்குச் சென்று அங்கே மீன்பிடித் தொழிலைப் பயின்றார். அந்நாட்டு மக்களின் உதவியைத் திரட்டிக்கொண்டு திரும்பி, 1967இல் சீநோர் என்னும் நிறுவனம் தோன்றக் காரணராயினார். காரைநகரிற் படகு கட்டும் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழி எழுந்தன. கரையோரத்து இளைஞர் பலர் அங்கே வேலை பழகினர். பின்னர் அந்நிறுவனம் அரசின் கைக்கு மாறியது; போர்க்காலத்தில் வடபகுதிப் பணிகள் சிதைந்தன. அரசுகள் தீட்டிய திட்டத்திற்கும், கடற்கரையை அறிந்த ஒருவர் தாமே சென்று கற்றுக் கொணர்ந்த திட்டத்திற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தலாகாது. நோர்வே பிறருக்கு மீன்பிடி கற்பித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தன் சொந்தக் கடலின் ஹெரிங் மீனை அளவின்றிப் பிடித்து, 1960களின் இறுதியில் ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டது. அம்மீன்வளம் மீள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரே அங்கே கட்டுப்பாடுகள் இறுகின; பிடித்த கொட் மீனைக் கடலில் எறிவது 1987இல் தடுக்கப்பட்டது. ஆகவே முதலில் நம் பக்கம் வந்தது பிடிக்கும் அறிவு. அளவறிந்து பிடிக்கும் அறிவை அவர்களே பின்னர்தான் கற்றனர். நோர்வேயின் ‘டொக்டர் பிரிட்ஜொப் நான்சன்’ என்னும் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், மீண்டும் 2018இலும் இலங்கைக் கடலின் மீன்வளத்தை ஆராய்ந்தமை இவ்விரண்டாம் அறிவைச் சேர்ந்ததாகும்.

மயிலிட்டி மக்கள் 1990 ஜூன் மாதத்தில் போரினால் ஊரை விட்டு வெளியேறினர். துறைமுகம் 27 ஆண்டுகளின் பின்னர், 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே மாதத்திலேயே. துறைமுகத் திருத்தப் பணியின் முதற்கட்டம் 2019 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஒரு தலைமுறை கடலைப் பிரிந்திருந்த ஊருக்கு, பிடித்த மீனில் ஒரு கூடையேனும் வீணாகாதிருத்தல் பெருங்காரியம். எனவே கேரளத்திலும் காரைநகரிலும் இறாலுக்கும் படகுக்கும் பின்னால் மறைந்துபோன பனிக்கட்டியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவோம்.

சூரை, கும்பளா, அறக்குளா, சூடை ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. மீன் வெயிலிற் கிடப்பின், பக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாற்றும். உண்டவருக்கு முகஞ்சிவத்தல், தோல் அரிப்பு, தலையிடி முதலியன உண்டாகும். அந்நஞ்சு ஒருமுறை தோன்றிவிட்டால் சமைத்தாலும் நீங்காது. பனிக்கட்டியில் வைத்தாலும் குறையாது. மீன் பார்வைக்கு நன்றாயிருக்கும்போதும் அது இருக்கலாம். இதனாலேயே சர்வதேச உணவு நியமங்களில் ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என எல்லை வகுக்கப்பட்டுள்ளது.

“ஐஸ் போட்ட மீனில் உருசியில்லை” என்று சந்தையிற் கூறுவோர் யாழ்ப்பாணத்தில் இன்னும் உளர். அவர்கள் உண்டது பெரும்பாலும் கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, பழுதாகத் தொடங்கிய பின் பனிக்கட்டியிடப்பட்ட மீனாகும். குற்றம் பனிக்கட்டியினுடையதன்று, அது பிந்தி வந்ததே குற்றம்.

வலையிலிருந்து எடுத்தவுடனே மீனைப் பெட்டியில் இடவேண்டும். எமது வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி எனக் கொள்வது தகும். றெஜிபோம் பெட்டியின் அடியில் உடைத்த பனிக்கட்டியைப் பரப்பி, அதன்மேல் மீன், மீண்டும் பனிக்கட்டி என அடுக்குக. உருகும் நீர் வடிய அடியில் துவாரம் இருத்தல் வேண்டும். குருதி கலந்த நீரில் ஊறும் மீன் விரைவிற் கெடும். பெரிய மீனாயின் குடலை நீக்கி, வெளிக்கடல் நீராற் கழுவுக. படகுகளின் எண்ணெய் மிதக்கும் துறைமுக நீராற் கழுவுதல் ஆகாது. பனிக்கட்டியும் குடிக்கத்தக்க நீரினால் ஆனதாக இருத்தல் அவசியம். கரைக்கு வந்தபின் மணலில் மீனைக் குவித்து ஏலங்கூறும் வழக்கத்தை விடுத்து, பெட்டியோடு நிறுத்து விற்பின் வாங்குவோரும் விலை குறைக்க இடம் பெறார். கடலுக்குப் புறப்படும்போதே பனிக்கட்டியை ஏற்றிச் செல்வதற்கு ஆகும் செலவு, மீனவர் சங்கத்தின் பொதுக் கணக்கிலிருந்து முற்பணமாகக் கொடுக்கப்பட்டு, விற்பனையிற் கழிக்கப்படலாம்.