ஆற்றுக்கு இக்கரையில் ஒரு பெயர்

திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியனும் சாயப்பட்டறையும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில் யானையும் புலியும் உலாவும் காடு இருக்கிறது என்றால் நம்பாதவர் பலர். அந்தக் காட்டுக்குள், கேரள எல்லையை ஒட்டி, தளிஞ்சி என்ற சிற்றூர் இருக்கிறது.

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் போனால் சின்னாறு சோதனைச் சாவடி. இப்பால் தமிழ்நாடு, அப்பால் கேரளம். பஸ்ஸில் வருகிறவர்கள் சாவடியைத் தாண்டி மறையூர் நோக்கிப் போய்விடுவார்கள். தளிஞ்சிக்காரர்களோ சாலையை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். சின்னாறும் பாம்பாறும் கலக்கும் கூட்டாற்றைக் கடந்தால்தான் ஊர்.

கோடையில் கஷ்டமில்லை. ஆனால் இந்த ஆற்றை நம்ப முடியாது. தளிஞ்சி மழை மறைவுப் பிரதேசம். இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, ஆனைமுடிப் பக்கம் பெய்த மழை பாம்பாற்றில் புரண்டு வந்துவிடும். அப்புறம் ரேஷன் அரிசியும் அக்கரையில், மருத்துவமும் அக்கரையில். இந்த மலைக் கிராமங்களில் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பில் தூளி கட்டித் தோளில் சுமந்து வருவது புதிய செய்தி அல்ல. ஊராரை வழிமறித்த அதே வெள்ளம், கீழே 1957-இல் கட்டி முடிந்த அமராவதி அணைக்குள் இறங்கியதும் நல்ல செய்தியாகிவிடுகிறது! உடுமலையும் தாராபுரமும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன.

இங்கே வாழ்வோர் மலைப்புலையர். கேழ்வரகும் மொச்சையும் விளைவிக்கிறார்கள். நீர் பாயும் இடத்தில் நெல்லும் உண்டு. விளைந்ததில் யானைக்கும் காட்டெருமைக்கும் போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு.

ஆற்றை விடக் கடக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அது எல்லை.

இது இரு நாடுகளின் எல்லை அல்ல. ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் திருவாங்கூர் மகாராஜாவின் சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழகத்துக்கே வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு சேர்ந்தது. மறையூர் அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது.

அக்கரைக் காட்டிலும் மலைப்புலையர் வாழ்கிறார்கள். கேரளத்தின் பட்டியலில் அவர்கள் பழங்குடியினர். இக்கரையில் இருப்பவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கருதப்பட்டார்கள். 1976-இல் பட்டியல்களைத் திருத்தியபோது இவர்கள் பட்டியல் சாதியினர் ஆகிவிட்டார்கள். காடு மாறவில்லை, பிழைப்பு மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது.

சான்றிதழில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். பழங்குடியினர் என்றால், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்தக் காட்டில் குடியிருந்து பிழைத்ததைக் காட்டினால் நிலத்துக்கு உரிமை கேட்கலாம். மற்றவர்களோ அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். எழுத்தே எட்டிப் பார்க்காத மலையில் பாட்டனார் பட்டாவா எழுதி வைத்திருப்பார்? போதாக்குறைக்கு 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகமாயிற்று. பாதை போடுவதானாலும் பாலம் கட்டுவதானாலும் வன இலாகாவின் அனுமதி வேண்டும். புலியைக் காப்பது அவசியந்தான். அதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கும் மனிதனையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

மீண்டும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும்படி மலைப்புலையர் பல வருஷங்களாக மனுக் கொடுத்து வருகிறார்கள். முன்பு கோயமுத்தூருக்குப் போனார்கள். 2009-இல் மாவட்டம் பிரிந்தபின் கலெக்டர் ஆபீஸ் திருப்பூரில். அது ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் தூரம். மனுவோடு புறப்படும் நாளில் கூட்டாற்றில் வெள்ளம் வடிந்திருக்க வேண்டும்.