மவுஸ் அசைந்ததும் திரை போனால்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் தடத்தில், பாகாலாவுக்குப் பக்கத்தில் காதங்கி என்றொரு சிற்றூர் இருக்கிறது. விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான். அதன் ரேடாரில் 1024 யாகி ஆன்டெனாக்கள். அவை 53 மெகாஹெர்ட்ஸில் வானத்துக்கு அலை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் போக்கைக் கணிக்கின்றன. திருப்பதியிலோ 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐஐடி, அதே ஆண்டில் வந்த ஐசர். இந்த வட்டாரத்தில் வளிமண்டலமோ இயற்பியலோ படிக்க வரும் பிள்ளை என்றாவது ஒரு நாள் லினக்ஸ் கணினியின் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். இன்றைய வானிலை மாதிரி நிரல்கள் பெரும்பாலும் யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஓடுபவை. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ்தான்.

அப்படி ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். வங்கக் கடல் புயல் ஒன்றின் மாதிரிக் கணக்கை முந்தாநாளே ஓடவிட்டிருக்கிறார். முடிய இன்னும் அரை நாள் ஆகும். அதுவரை வந்தது சரியா என்று பார்க்க வரைபடத்தைத் திறந்து, மவுஸின் சக்கரத்தைச் சற்றே உருட்டுகிறார். திரை ஒரு முறை வெட்டிக் கறுக்கிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முகப்பு வந்து நிற்கிறது. திறந்து வைத்திருந்தவை ஒன்றும் இல்லை. “மவுஸை மாத்திப் பாருங்கக்கா” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு யோசனை வரும். “ஃபார்மட் போட்டு வேற ஓஎஸ் ஏத்திடுங்க” என்று அடுத்தது வரும். முதல் யோசனையில் கெடுதல் இல்லை. இரண்டாவது, என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அழித்துவிடும். இந்தப் பழக்கம் நம் ஆய்வகங்களில் ஒழிய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கை நகர்ந்ததும் உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். மவுஸின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு கேமரா மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கும் மேல் படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு விலகல் என்று கணக்கிடுகிறது. சாதாரண யுஎஸ்பி மவுஸிடம் கணினி 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு 125 தடவை, ஏதாவது உண்டா என்று கேட்கிறது. பதில் சில பைட்டுகளே: எந்தப் பொத்தான் அழுந்தியது, பக்கவாட்டில் எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு, சக்கரம் எத்தனை படி. அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்று மவுஸுக்குத் தெரியவே தெரியாது. இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் அந்தப் பதிலை வாங்கி, நேரம் குறித்து, ஒரு சாதனக் கோப்பில் வைக்கிறது. இதுவரை திரைக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்தது திரைச் சேவகன். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பல்லாண்டுகளாக அந்த வேலையைச் செய்வது எக்ஸ். 1984இல் எம்ஐடியில் பாப் ஷைஃப்லர் தொடங்கியது அது. 1987 செப்டம்பரில் வந்த 11ஆம் பதிப்பின் நெறிமுறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எக்ஸ் அந்த விலகலைப் பழைய இடத்தோடு கூட்டி, கையின் வேகத்துக்கேற்பப் பெருக்கி, புதிய இடத்தில் எந்தச் சாளரம் இருக்கிறது என்று தேடி, உரிய நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. அம்புக்குறிக்குத் தனி ஏற்பாடு. பெரும்பாலும் 64க்கு 64 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படமாக அது கிராஃபிக்ஸ் அட்டைக்குள்ளேயே இருக்கும். திரைக்கு ஒளி அனுப்பும் கணத்தில் அட்டை அதை மேலே ஒட்டிவிடும். அடியில் இருக்கும் படத்தைத் திரும்ப வரைய வேண்டியதில்லை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நிரல்கள் அனுப்பும் வரைதல் வேலைகளை எக்ஸ் வரிசையில் நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். மவுஸ் வரிசைக்குக் கட்டுப்படாது. ஒரு பெரிய படம் பாதி வரைந்திருக்கும்போது கை நகர்ந்தால், அம்புக்குறி அந்தப் படம் முடியும்வரை உறைந்து நிற்க வேண்டுமா? மனிதக் கண் இதை உடனே கண்டுபிடித்து எரிச்சல்படும். அதனால் எக்ஸின் அன்றைய வடிவமான எக்ஸ்ஃப்ரீ86இன் 4ஆம் பதிப்பு வரிசையில், 2000ஆம் ஆண்டையொட்டி, ஒரு வழி செய்தார்கள். மவுஸ் செய்தி வந்த அந்தக் கணமே கர்னல் ஒரு சிக்னல் அனுப்பும். எக்ஸ் செய்துகொண்டிருந்ததை அப்படியே பாதியில் விட்டுவிட்டு அம்புக்குறியை நகர்த்திவிட்டுத் திரும்பும். ‘பட்டு மவுஸ்’ என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். பட்டுப்போல் வழுக்கியது உண்மைதான்.

ஆனால் பாதியில் விட்ட வேலை எது என்பதைப் பொறுத்தது எல்லாம். திருமலையில் உண்டியல் காணிக்கையை எண்ணும் பரகாமணியில், ஒருவர் பேரேட்டில் ஒரு தொகையின் முதல் இரண்டு இலக்கங்களை எழுதிய நொடியில், இன்னொருவர் பேனாவைப் பிடுங்கி அதே வரியில் தன் தொகையை எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு என்னவாகும்? எக்ஸ் நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது சிக்னல் குறுக்கிட்டு, அந்தக் குறுக்கீட்டு வேலையும் நினைவகத்தைக் கேட்டால் இதே கதிதான். ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அல்லது நினைவகப் பேரேடு குழம்பி, வேறெங்கோ, வேறெப்போதோ எல்லாம் சரியும். குறுக்கீட்டின்போது செய்தி ஒன்றை லாக் கோப்பில் எழுதுவதுகூட ஆபத்து. பிழையைப் பதிவு செய்யப்போய்ச் சேவகனே முடங்கியிருக்கிறது.

மைக்ரோநொடிகள் மட்டுமே திறந்திருக்கும் வாசல் இது. கை சரியாக அந்த நேரத்தில் அசைந்தால் மட்டுமே எக்ஸ் விழும். மாணவி அடுத்த நாள் பேராசிரியரிடம் காட்டப்போனால் ஒன்றுமே நடக்காது. “எப்பவாவது வருது சார்” என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. அவர் சொல்வது முழு உண்மை.

2016 நவம்பரில் வந்த எக்ஸ் சர்வர் 1.19இல் இந்தச் சிக்னல் ஏற்பாட்டை நீக்கி, உள்ளீட்டுக்கென்று தனி இழை ஒன்றைக் கொடுத்தார்கள். பேனாவுக்குப் பூட்டும் சாவியும் வந்தன. அதோடு கதை முடியவில்லை. 2023 அக்டோபரில் இன்னொரு பிழை வெளிவந்தது. இரண்டு திரைகளைத் தனித்தனியாக இயக்கும் அமைப்பில், அம்புக்குறியை ஒரு திரையின் சாளரத்திலிருந்து மறு திரையின் வெற்றிடத்துக்கு நிரல் தாவவைத்து, பிறகு பழைய சாளரத்தையும் மூடினால், இல்லாமல்போன அந்தச் சாளரத்தின் நினைவகத்தை எக்ஸ் தொடும். 2009லிருந்து அங்கேயே கிடந்த பிழை அது.

எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில் சிக்கல் வேறு விதமாக வந்தது. விளையாட்டுக்காரர்கள் வாங்கும் மவுஸ் நொடிக்கு ஆயிரம் செய்தி அனுப்பும். நிரல் ஏதோ கனத்த வேலையில் மூழ்கி அவற்றைப் படிக்காமல் இருந்தால் செய்திகள் தேங்கும். வேலண்ட் வைத்திருந்த தொட்டி 4096 பைட்தான். கர்னலின் குழாயும் அதுவும் நிரம்பியதும் அந்த நிரலின் தொடர்பையே துண்டித்துவிடும். பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: மவுஸை வேகமாக ஆட்டினேன், நிரல் செத்தது. 2024இல் வந்த 1.23ஆம் பதிப்பு அந்தத் தொட்டி தேவைக்கேற்ப வளர வழி செய்தது.

சரி, மாணவி என்ன செய்யலாம்? முதலில் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவிக்கு வந்ததுபோல் முகப்பு வராமல் திரை உறைந்தே போனால், கணினியே போய்விட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அழுத்துகிறோம். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு மூன்றாவது செயல் விசையை அழுத்தினால் எழுத்துத் திரை வரக்கூடும். வராவிட்டால் பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையலாம். பெரும்பாலும் வரைகலைச் சேவகன் மட்டுமே விழுந்திருக்கும், கர்னல் நலமாக இருக்கும். அங்கிருந்து ‘இவிடெஸ்ட்’ என்ற சிறு நிரலை ஓடவிட்டு மவுஸை அசைத்தால், ஒவ்வொரு அசைவும் சக்கரத்தின் ஒவ்வொரு படியும் எழுத்தாக உருண்டு வரும். அவை ஒழுங்காக வந்தால் மவுஸும் வயரும் நிரபராதிகள்.

பிறகு எக்ஸின் லாக் கோப்பு. பிழை வரிகளின் தலையில் அடைப்புக்குறிக்குள் இரட்டை ‘இ’ இருக்கும். சிக்னல் 11 என்று கண்டால், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தை எக்ஸ் தொட்டுவிட்டது என்று பொருள். அதன் மேலே எண்ணிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். 0 என்ற வரி பதிவு செய்த பகுதியையே காட்டும். இரண்டு மூன்று வரி இறங்கினால்தான் விழுந்த இடம் தெரியும். அங்கே நூவோ, ரேடியான் போன்ற பெயர் இருந்தால் கிராஃபிக்ஸ் இயக்கியைச் சந்தேகிக்கலாம். அப்போது அட்டையின் அம்புக்குறியை நிறுத்திவிட்டு, அமைப்புக் கோப்பில் மென்பொருள் அம்புக்குறியைப் போட்டுப் பாருங்கள். விழுவது நின்றால் சந்தேகம் வலுக்கிறது. எவ்டெவ், லிப்இன்புட் என்று இருந்தால் உள்ளீட்டுப் பக்கம் தேட வேண்டும்.

லிப்இன்புட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து பீட்டர் ஹட்டரர் பராமரித்து வரும் தொகுப்பு அது. கையசைவைப் பதிவு செய்யும் கருவி அதிலேயே இருக்கிறது. எந்த மைக்ரோநொடியில் எந்தத் திசையில் எவ்வளவு என்று எல்லாம் ஒரு கோப்பாகிவிடும். திருப்பதியில் ஒரு கை அசைந்த விதத்தைக் கடல் கடந்த இன்னொரு கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். விசைப்பலகையையும் சேர்த்துப் பதிந்தால், அழுத்திய எழுத்துகளை மறைத்தே எழுதும். கடவுச்சொல் வெளியே போகாது.

மடிக்கணினியின் டச்பேடுக்கு இந்தப் பதிவுக் கருவி இன்னும் உதவும். விரல் பட்டது தட்டலா, உருட்டலா, உள்ளங்கை தவறிப் பட்டதா என்று ஊகிக்கும் வேலை டச்பேடில் மென்பொருள் தலையில் விழுகிறது.

புயல் கணக்குக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ் விழுந்தால் முனையச் சாளரம் மூடும், அதற்குள் ஓடிய கணக்கும் கூடவே போகும். சாளரம் மூடினாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். நீண்ட கணக்கை இனி வெறும் சாளரத்தில் தொடங்காதீர்கள்.

எக்ஸ் மறுபடி எழும்போது பழைய லாக் கோப்பின் பெயரோடு ‘ஓல்ட்’ என்று சேர்த்து ஒதுக்கி வைக்கும். இன்னொரு தடவை எழுந்தால் அந்தப் பழையதும் அழிந்துவிடும். ஆகவே திரை போனதும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். எந்தப் பதிப்பு, எந்த அட்டை, கை என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு வரி சேர்த்து, அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள்.