புது மோட்டாரா, பழைய மோட்டாரா? ஃபைபர் படகுக்கு எது லாபம்?

'ஃபைபர் படகில் இருக்கும் அவுட்போர்டு மோட்டார் இனி தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். புதிது வாங்குவதா, செகண்ட் ஹேண்ட் பார்ப்பதா?' புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என எந்த ஊரில் நாட்டுப்படகு வைத்திருந்தாலும், ஒருநாள் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. வேறு கடலில் மோட்டார் நின்றால் ஒருநாள் பாடு போகும். பாக் விரிகுடாவில், காற்றும் நீரோட்டமும் படகை 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோட்டுக்கு அப்பால் இழுத்துப் போய்விட்டால், ஆளும் படகும் சிறைப்படும் ஆபத்து உண்டு.

மானியத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

நாட்டுப்படகுகளுக்கு மோட்டார் வாங்க, 40 சதவீதம், அதிகபட்சம் 48,000 ரூபாய் என மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. இது புது மோட்டாருக்குத்தான். உதாரணமாக, 1,20,000 ரூபாய் மோட்டாருக்குக் கைக்காசு 72,000 ரூபாய். பழைய மோட்டார் 60,000 ரூபாய்க்குக் கிடைத்து, ரிங், ஆயில் சீல், வாட்டர் பம்ப் மாற்ற 15,000 ரூபாய் ஆனால், மொத்தம் 75,000 ரூபாய். வாரன்டியும் கிடையாது.

எனவே, முதலில் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். அனுமதி வருவதற்கு முன்பே வாங்கிவிட்டால் மானியம் தவறிப்போகலாம்.

பழையது வாங்கியே ஆக வேண்டுமா?

மானியத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள், உதிரிபாகமும் மெக்கானிக்கும் உள்ளூரிலேயே கிடைக்கும் மாடலை மட்டும் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள்:

* நீங்கள் போகும்போது மோட்டார் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம்.

* கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

* கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் போய், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரும்புத்தூள் மின்னினால் கியர் தேய்ந்திருக்கிறது.

* ஓடும்போது குளிர்விக்கும் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும்.

* நியூட்ரலில் புரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள். ஆட்டம் போட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம்.

* ஷாஃப்ட் 15 அங்குலம், 20 அங்குலம் எனப் பல அளவுகளில் வரும். உங்கள் படகின் பின்பலகைக்கு எது பொருந்தும் என்று அளந்துகொண்டு போங்கள்.

கடைசியாக, கடலில் ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, சூட்டோடு மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். சீரியல் நம்பர் தகடும் பில்லும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தகடு சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு மோட்டாராக இருக்கலாம்.

எதை வாங்கினாலும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரை அலசுங்கள். உள்ளே தங்கும் உப்புதான் புது மோட்டாரையும் சீக்கிரம் பழசாக்குகிறது. துடுப்பும் நங்கூரமும் எப்போதும் படகில் இருக்கட்டும்!